பந்தயம் வேண்டாம் என்றவர் படைத்த பந்தயக் கார்!

இங்கிலாந்தில் ஒரு மோட்டார் பந்தயத் திடல்.

வளைந்து வளைந்து செல்லும் பாதையின் ஓரத்தில் கூட்டம் நிற்கிறது. அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. பாதையில் கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லாமே குட்டிக் கார்கள். எல்லாமே ஒரே வகை. ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே அளவு என்ஜின். மேலே பூசிய வண்ணமும் கதவில் எழுதிய எண்ணும்தான் வேறு.

சைகை கிடைத்ததும் அத்தனையும் ஒரே சமயத்தில் சீறிப் பாய்கின்றன. முதல் வளைவில் ஒன்றை ஒன்று உரசுகின்றன. எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்கிறவர்களுக்குப் புரிவதில்லை.

இந்தப் பந்தயத்தில் ஒரு விசேஷம். பணக்கார வீட்டுப் பிள்ளை பெரிய என்ஜினை வாங்கி மாட்டிக்கொண்டு ஜெயித்துவிட முடியாது. எல்லோருக்கும் ஒரே கார்தான். ஓட்டுகிறவனுடைய கையும் காலும் கண்ணும்தான் ஜெயிக்க வேண்டும்.

அந்தக் குட்டிக் காரின் பெயர் மினி. 1966ஆம் ஆண்டு முதல் மினிகளுக்கென்றே இப்படித் தனிப் பந்தயம் நடக்கிறது.

மினி காரைப் படைத்தவர் அலெக் இசிகோனிஸ். தம் காரைப் பந்தயத்தில் விடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பந்தயக் காராக மாற்ற அனுமதி கேட்டு வந்த நண்பரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் அவர் பந்தயத்தை வெறுத்தவர் அல்ல. இளமையில் தம் கையாலேயே ஒரு பந்தயக் கார் செய்து ஓட்டியவர்!

ஏன் இந்த முரண்பாடு? அவர் கதையைக் கேட்டால் விளங்கும்.

கப்பல் ஏறிய குடும்பம்

இசிகோனிஸ் 1906ஆம் ஆண்டு நவம்பர் 18ந் தேதி பிறந்தார். ஊர் ஸ்மிர்னா. இப்போது அதை இஸ்மீர் என்று அழைக்கிறார்கள். துருக்கி நாட்டின் பெரிய துறைமுகம் அது.

தந்தை கான்ஸ்டன்டைன் கிரேக்கர். ஆனால் பிரிட்டிஷ் பிரஜை. அவருடைய தந்தையார், அந்தப் பக்கத்தில் ஆங்கிலேயர் போட்ட ரெயில் பாதையில் வேலை பார்த்தவர். அப்போது கிடைத்தது பிரிட்டிஷ் பிரஜை உரிமை. தாயார் ஹுல்டா ஜெர்மன் இனத்தவர். தந்தைக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. கப்பலுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்யும் பட்டறை. சிறுவன் அலெக் அங்கேதான் வளர்ந்தான். நீராவியும் எண்ணெய் நாற்றமும் அவனுக்குப் பழகிப்போயின.

வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. பிரிட்டிஷ் பிரஜையான தந்தை எதிரி ஆகிவிட்டார். பட்டறை கைவிட்டுப் போயிற்று.

போர் முடிந்த பிறகும் நிம்மதி இல்லை. கிரேக்கப் படையும் துருக்கிப் படையும் ஸ்மிர்னாவுக்காக மோதின. 1922ஆம் ஆண்டு செப்டம்பரில் துருக்கிப் படை ஊருக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கடற்படை தன் பிரஜைகளைக் கப்பலில் ஏற்றியது. இசிகோனிஸ் குடும்பமும் ஏறியது. அந்த மாதமே ஸ்மிர்னா தீப்பற்றி எரிந்தது.

சொத்து போயிற்று. ஊர் போயிற்று. கப்பல் அவர்களை மால்டா தீவில் இறக்கியது. தந்தை நோயாளி. அவர் அந்தத் தீவைத் தாண்டவில்லை. அங்கேயே காலமானார்.

தாயும் மகனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அன்று முதல் தாயார் கண் மூடும்வரை, அரை நூற்றாண்டுக் காலம், இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். இசிகோனிஸ் கலியாணம் செய்துகொள்ளவே இல்லை.

கணக்கில் 3 தடவை!

லண்டன் மாநகரில் பாட்டர்சி பாலிடெக்னிக் என்ற தொழிற்கல்விக்கூடம் இருந்தது. அதில் அலெக் சேர்ந்தார். படம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கணக்குதான் அவருக்கு எமன். கணக்குப் பரீட்சையில் ஒரு தடவை அல்ல, 3 தடவை தோற்றார்!

கணக்குத் தெரியாதவன் என்ஜினீயர் ஆவதா என்று கேலி செய்யத் தோன்றும். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகும் அவர் கணக்கோடு சமாதானம் செய்துகொள்ளவில்லை. புதிதாகச் சிந்திக்கிறவனுக்குக் கணக்கு ஒரு எதிரி என்றே சொல்லிவந்தார். (பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அவர் மனத்தில் தோன்றியதைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கப் பக்கத்திலேயே கெட்டிக்காரர்கள் இருந்தார்கள்!)

அவருடைய ஆயுதம் பென்சில். கையில் கிடைத்த தாளில் எல்லாம் படம் போடுவார். காரின் படம், சக்கரத்தின் படம், கியரின் படம். படத்தைப் பார்த்துப் பட்டறைக்காரர்கள் இரும்பில் செய்துவிடுவார்கள்.

மரத்தாலும் ரப்பராலும் ஒரு கார்

1922ஆம் ஆண்டில் ஆஸ்டின் கம்பெனி ஒரு சின்னக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ஆஸ்டின் செவன். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய கார். இளைஞர்கள் அதை வாங்கி, மேல் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பந்தயம் ஓட்டினார்கள். இசிகோனிசும் அப்படி ஓட்டியவரே.

பிறகு அவருக்கு ஒரு ஆசை வந்தது. தாமே ஒரு பந்தயக் கார் செய்தால் என்ன?

ஜார்ஜ் டவுசன் என்ற நண்பர் துணைக்கு வந்தார். இருவரும் ஓய்வு நேரத்தில் வேலை செய்தார்கள். மின்சாரக் கருவி கிடையாது. அரமும் ரம்பமும் துளைக் கருவியும் கொண்டு கையாலேயே செய்தார்கள். அந்த ஒரு காருக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. 1938இல்தான் வேலை முடிந்தது!

அந்தக் காலத்துக் கார்களில் கீழே கனமான இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் கூட்டை வைப்பார்கள். இசிகோனிசின் காரில் இரும்புச் சட்டம் இல்லை. ஒட்டுப் பலகையின்மேல் அலுமினியத் தகடு ஒட்டி, அந்தக் கூட்டையே சட்டமாக ஆக்கினார். குலுக்கலைத் தாங்க மற்றக் கார்களில் இரும்பு வில் இருக்கும். இவர் ரப்பரை வைத்தார்.

கார் இறகுபோல் லேசாக இருந்தது. லேசான வண்டி வளைவில் சீக்கிரம் திரும்பும். சிறிய என்ஜினே அதற்குப் போதும். மலைச் சாலையில் கடிகாரத்தை வைத்து ஓட்டும் பந்தயங்களில் அவர் அதை ஓட்டினார்.

வாசகர்கள் இந்தக் காரை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். லேசான கூடு, ரப்பர், சிறிய என்ஜின். 20 ஆண்டுகளுக்குப் பிறகு இவை திரும்ப வரப்போகின்றன.

மைனர் பிறந்தது

1936இல் இசிகோனிஸ் மோரிஸ் கம்பெனியில் சேர்ந்தார். இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் மக்களுக்கு வேண்டிய கார் எது என்று யோசிக்கத் தொடங்கினார். அதுவே மோரிஸ் மைனர்.

கம்பெனி முதலாளி நபீல்டு பிரபுவுக்கு அந்தக் காரின் உருண்டை வடிவம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவித்த முட்டை என்று ஏளனம் செய்தார். கார் ஏறக்குறைய தயாரான சமயத்தில் இசிகோனிசுக்கே ஒரு குறை தென்பட்டது. அகலம் போதவில்லை! உடனே மாதிரிக் காரை நீளவாட்டில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். 4 அங்குலம் நகர்ந்ததும் இதுதான் சரி என்றார். மைனர் காரின் முன்மூடியில் நடுவே ஒரு பட்டை ஓடும். அந்த 4 அங்குலத்தின் தழும்பு அது!

1948இல் மைனர் வெளிவந்தது. இங்கிலாந்தில் செய்த கார்களிலே முதன்முதலாகப் பத்து லட்சத்தை எட்டியது அதுதான். நம் நாட்டில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி அதைப் பேபி இந்துஸ்தான் என்ற பெயரில் செய்தது. பழைய மைனரை இன்னும் துடைத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

சூயஸ் கால்வாயும் ஒரு கட்டளையும்

1956ஆம் ஆண்டில் எகிப்து நாட்டு அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். சண்டை மூண்டது. கால்வாய் அடைபட்டது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது.

பெரிய கார்கள் கொட்டகையில் தூங்கின. ஜெர்மனியிலிருந்து மூன்று சக்கரக் குமிழி வண்டிகள் வந்து தெருவில் ஓடின. சொட்டுப் பெட்ரோலில் ஓடும் வண்டிகள். ஆனால் அவை கார் மாதிரியே இல்லை.

அப்போது மோரிசும் ஆஸ்டினும் ஒன்றாகச் சேர்ந்து பி.எம்.சி. என்ற பெரிய கம்பெனியாகி இருந்தன. தலைவர் லெனார்டு லார்டு. முரட்டு மனிதர். அவருக்குக் குமிழி வண்டிகளைக் கண்டாலே எரிச்சல். 1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் இசிகோனிசை அழைத்தார். இந்தக் குமிழிகளைத் தெருவைவிட்டு ஓட்ட ஒழுங்கான சிறிய கார் ஒன்று செய் என்று கட்டளையிட்டார். ஒரே நிபந்தனை. புதிய என்ஜின் கூடாது. கம்பெனி ஏற்கெனவே செய்துவரும் என்ஜினையே வைக்க வேண்டும்.

இசிகோனிஸ் தமக்கும் ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். காரின் நீளம் 10 அடிதான். அதில் 4 பேர் காலை நீட்டி உட்கார வேண்டும். சாமானும் வைக்க வேண்டும்.

எப்படி முடியும்? என்ஜின் மட்டுமே மூன்று, நான்கு அடியை விழுங்கிவிடுமே!

அவர் என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். நீளவாட்டில் நிற்கும் கட்டிலைச் சுவர் ஓரமாகத் திருப்பிப் போட்டால் அறையில் எவ்வளவு இடம் கிடைக்கும்! அதே கதைதான். கியரை என்ஜினுக்குப் பின்னால் வைக்காமல் அதன் அடியிலேயே, எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்துவிட்டார். முன் சக்கரங்களே காரை இழுத்தன. பின் சக்கரத்துக்குத் தண்டு வேண்டியதில்லை. தரை தட்டையாகக் கிடைத்தது.

சக்கரத்துக்கு 10 அங்குல விளிம்பு போதும் என்றார். அவ்வளவு சிறிய டயர் காருக்குக் கிடையாது. டன்லப் கம்பெனி புதிதாகச் செய்து கொடுத்தது. நான்கு சக்கரங்களையும் நான்கு மூலைக்குத் தள்ளினார். இரும்பு வில் இடத்தை அடைக்கும். அதற்குப் பதில் ரப்பர்! ரப்பர் கூம்புகளைச் செய்து கொடுத்தவர் அவருடைய நண்பர் அலெக்ஸ் மூல்டன். பழைய பந்தயக் கார் இப்படித்தான் குடும்பக் காருக்குள் புகுந்தது.

கண்ணாடியை இறக்கி ஏற்றும் இயந்திரம் வேண்டாம், தள்ளித் திறக்கும் கண்ணாடி போதும் என்றார். அதனால் கதவின் உட்புறம் காலியாயிற்று. அதைப் பெரிய பையாக ஆக்கினார். ரேடியோ வேண்டவே வேண்டாம் என்றார். மெத்தை அதிகமாக இருக்கக்கூடாது, சொகுசாக உட்கார்ந்தால் ஓட்டுகிறவன் தூங்கிவிடுவான் என்பது அவர் கட்சி. இதில் நமக்கு உடன்பாடில்லை. பின் ஆசனத்தில் பாட்டியும்தானே உட்காருவாள்?

1957ஆம் ஆண்டு அக்டோபரிலேயே மாதிரிக் கார் ஓடியது. 1958 ஜூலையில் லார்டு வந்து ஏறினார். தொழிற்சாலையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். ஐந்தே நிமிஷம். இறங்கியதும் 12 மாதத்தில் இதை விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வேகத்தைக் குறைத்தவர்

இங்கே ஒரு வேடிக்கை. மாதிரிக் கார் மணிக்கு 90 மைலுக்கு மேல் பறந்தது. இது ஆபத்து என்று பயந்தார்கள். முதல் தடவையாகக் கார் வாங்கும் குடும்பத்துக்கு இவ்வளவு வேகம் எதற்கு? 948 சி.சி. என்ஜினை 848 சி.சி. ஆக்கினார்கள். என்ஜினின் வயிற்றைச் சுருக்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 72 மைலாக இறங்கியது.

1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ந் தேதி கார் வெளிவந்தது. விலை வரியோடு 497 பவுண்டுக்குச் சில பென்ஸ் குறைவு. ஒரே காருக்கு இரண்டு பெயர். ஒன்று மோரிஸ் மினி மைனர். இன்னொன்று ஆஸ்டின் செவன்! இளமையில் அவர் ஓட்டிய அதே பெயர்.

ஆரம்பத்தில் குறைகளும் இருந்தன. மழை பெய்தால் தரைத் தகட்டின் இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. ஓட்டுகிறவரின் பாதம் நனைந்தது. என்ஜினுக்கு மின்பொறி கொடுக்கும் கருவி முன்பக்கம் இருந்தது. அதில் மழைத்துளி பட்டால் கார் நின்றுவிடும். இவற்றை மெல்ல மெல்லச் சரிசெய்தார்கள். போர்டு கம்பெனியார் ஒரு மினியை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். இந்த விலைக்கு விற்றால் ஒவ்வொரு காருக்கும் நஷ்டம்தான் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு என்றாலே இசிகோனிசுக்குத்தான் ஆகாதே!

ஏழைக் குடும்பம் முதலில் வாங்கவில்லை. நாகரிகக்காரர்கள்தான் வாங்கினார்கள். பிறகு நாடே வாங்கியது.

நண்பர் கூப்பர்

ஜான் கூப்பர் என்பவர் பந்தயக் கார் செய்யும் சிறு கம்பெனி வைத்திருந்தார். அவருடைய கார் 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பார்முலா 1 பந்தயத்தில் உலகப் பட்டம் வாங்கியது. இசிகோனிசுக்கு நெருங்கிய நண்பர்.

மினியை ஓட்டிப் பார்த்ததும் கூப்பருக்குப் புல்லரித்தது. நான்கு மூலையில் சக்கரம், தரையோடு ஒட்டிய எடை, ரப்பரின் இறுக்கம். எந்த வளைவிலும் பல்லிபோல் ஒட்டிக்கொள்கிறது! குடும்பக் கார் என்று பெயர் வைத்துப் பந்தயக் காரையல்லவா செய்துவிட்டார் நண்பர்!

வேகமான மினி ஒன்று செய்வோம் என்று இசிகோனிசிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். இது மக்களுக்காகச் செய்த கார் என்பது அவர் பதில்.

அவர் மறுத்ததில் நியாயம் உண்டு. வேகத்தைக் குறைக்க அவ்வளவு பாடுபட்டவர்கள் அவரும் அவர் ஆட்களும். அவர் கண்ணில் நின்றது, மழையில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகும் மனிதர். அந்த மனிதருக்குப் பந்தயம் எதற்கு என்று நினைத்தார். அந்த மனிதரின் மகனுக்கும் பந்தய ஆசை இருக்கும் என்பதைத்தான் மறந்தார். பலகையும் ரப்பரும் சேர்த்து, காசில்லாமல் கார் செய்த அந்த இளைஞனை அவரே மறந்துவிட்டாரோ என்னவோ!

கூப்பர் விடவில்லை. கம்பெனியின் மேலதிகாரி ஜார்ஜ் ஹாரிமனிடம் நேரே போனார். அவர் சம்மதித்தார். 1,000 கார் செய்து பார்ப்போம் என்றார். கூப்பருக்குக் காருக்கு 2 பவுண்டு கூலி.

1961இல் மினி கூப்பர் வந்தது. 997 சி.சி. என்ஜின், 55 குதிரை சக்தி, முன் சக்கரத்தில் வட்டத் தகட்டுப் பிரேக். சாதாரண மினிக்கு 34 குதிரை சக்திதான். ஆயிரம் கார் விற்பதே சந்தேகம் என்று நினைத்தார்கள். ஆயிரக்கணக்கில் விற்றுக்கொண்டே போயிற்று.

அதே 1961இல் இன்னொரு அதிசயம். ஜான் விட்மோர் என்ற வீரர் சாதாரணக் குட்டி மினியை ஓட்டியே பிரிட்டனின் சலூன் கார் பந்தயப் பட்டத்தை வென்றுவிட்டார்!

பிறகு மாண்டிகார்லோ. பனி மூடிய மலைச் சாலைகளில் பல நாள் ஓடும் பந்தயம் அது. 1964இல் பேடி ஹாப்கிர்க், 1965இல் டீமோ மாக்கினென், 1967இல் ராவ்னோ ஆல்டனென். மூவரும் மினியில் வென்றார்கள். 1966இலும் முதல் மூன்று இடமும் மினிக்கே. ஆனால் முன்விளக்கு விதிப்படி இல்லை என்று சொல்லிப் பரிசைப் பறித்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்டு இங்கிலாந்து கொதித்தது. பரிசு கிடைத்திருந்தால்கூட மினிக்கு அவ்வளவு விளம்பரம் கிடைத்திருக்காது!

ஒரு பருவம், ஒரே கார்

இவை எல்லாம் பெரிய இடத்து வெற்றிகள். கம்பெனி பணம் போட்டது. காசில்லாத இளைஞன் என்ன செய்வான்?

அவனுக்கு வழி திறந்தது 1966இல். 850 சி.சி. சாதாரண மினிகளுக்காக மட்டும் பந்தயத் தொடர் தொடங்கினார்கள். அதற்கு மினி செவன் என்று பெயர். குறைந்த செலவில் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பதே நோக்கம். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று விதி போட்டார்கள். விதியை மீறினால் ஜெயித்தவனும் தோற்றவனே.

பருவம் என்றால் ஒரே நாள் கூத்து அல்ல. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம்வரை நடக்கும். ஒரு வாரம் பிராண்ட்ஸ் ஹாட்ச். பிறகு சில்வர்ஸ்டோன். பிறகு ஸ்னெட்டர்டன். ஒவ்வொரு பந்தயத்திலும் முதலில் வருகிறவனுக்கு அதிகப் புள்ளி. அடுத்தவனுக்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார்கள். அதிகப் புள்ளி வாங்கியவனுக்குப் பட்டம்.

ஆகவே எல்லாப் பந்தயத்திலும் முதலாவதாக வரவேண்டும் என்பதில்லை. பாதியில் நின்றுவிடக் கூடாது. அதுதான் முக்கியம். ஒரு நாள் ஆத்திரப்பட்டு வளைவில் இடித்துக்கொண்டால் பருவம் முழுவதும் பட்ட பாடு வீணாகிவிடும். இரண்டாவது இடத்தோடு திருப்தி அடையத் தெரிந்தவன் சில சமயம் பட்டத்தை வாங்கிவிடுவான்.

எல்லாம் ஒரே கார் என்றால் முந்துவது எப்படி? அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. முன்னே ஓடும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதன் முதுகை ஒட்டிப் பின்னால் போகிறவனுக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவு. மழையில் குடை பிடித்தவர் பின்னால் ஒண்டிக்கொண்டு நடப்பதைப்போல! நேர்ப் பாதையில் இப்படி ஒட்டிக்கொண்டே வந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் நழுவி முந்திவிடுவான். அடுத்த சுற்றில் தோற்றவன் அதே தந்திரத்தைச் செய்வான். கடைசிச் சுற்றுவரை யார் ஜெயிப்பார் என்று தெரியாது.

சிறிய என்ஜின் என்பதால் இன்னொரு பாடமும் உண்டு. வளைவில் வேகத்தை இழந்துவிட்டால் திரும்பப் பிடிக்க நேரமாகும். அதனால் பிரேக்கைக் கஞ்சன் காசைச் செலவழிப்பதுபோல் மிதிக்க வேண்டும். மினியில் கற்றவன் எந்தக் காரையும் ஓட்டுவான் என்று பேர் வந்தது. ஜேம்ஸ் ஹண்ட் 1976இல் உலகச் சாம்பியன் ஆனவர். நிக்கி லாடா மூன்று தடவை உலகச் சாம்பியன் ஆனவர். இருவரும் பந்தயத்தில் காலெடுத்து வைத்தது மினி காரில்தான்!

1970இல் கொஞ்சம் வேகமான மினிகளுக்கு மினி மிக்லியா என்ற தொடரும் வந்தது. மற்ற நாடுகளிலும் ஒரே வகைச் சிறிய கார்ப் பந்தயங்கள் பெருகின. 2010இல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் திடலில் போலோ கார்கள் இப்படி ஓடின. அந்தக் கார்களிலும் என்ஜின் குறுக்கேதான்; முன் சக்கரம்தான் இழுக்கிறது. நம் ஊரில் 1983இல் வந்த மாருதி 800 காரும் அப்படியே. கியரை மட்டும் என்ஜினுக்கு அடியில் வைக்காமல் பக்கத்தில் வைக்கிறார்கள். அது இத்தாலி நாட்டு டான்டே ஜியகோசா காட்டிய வழி.

கடைசிக் காலம்

இசிகோனிசுக்குப் புகழ் வந்தது. 1967இல் ராயல் சொசைட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கில் தோற்றவருக்கு விஞ்ஞானிகள் சபையில் ஆசனம்! 1969இல் சர் பட்டம் கிடைத்தது.

ஆனால் கம்பெனியில் காற்று மாறியது. 1968இல் பி.எம்.சி., லேலண்டு கம்பெனியோடு இணைந்தது. புதிய முதலாளிகள் இலாபக் கணக்கைக் கேட்டார்கள். மினியைவிடச் சிறியதாக, அதைவிட இடம் உள்ளதாக ஒரு புதிய காரை அவர் தயார் செய்து வைத்திருந்தார். பின்பக்கம் முழுக் கதவு திறக்கும் கார். அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். அது வெளிவரவே இல்லை. அவரைப் பெரிய பதவிப் பெயரோடு ஓரமாக உட்கார வைத்தார்கள்.

1971இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் கூப்பரோடு இருந்த ஒப்பந்தத்தையும் கம்பெனி முடித்துக்கொண்டது. பிரிவு விழாவில் பரிசாக என்ன வேண்டும் என்றபோது இசிகோனிஸ் கேட்டது தங்கக் கடிகாரம் அல்ல. சிறுவர்கள் திருகாணி முடுக்கி விளையாடும் மெக்கானோ பெட்டி! அதிலே மிகப் பெரிய 10ஆம் எண் பெட்டியைக் கொடுத்தார்கள்.

மறு ஆண்டு தாயார் காலமானார். பர்மிங்காம் நகரில் எட்ஜ்பாஸ்டன் என்ற பகுதியில் அவர் தனியே வாழ்ந்தார். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ந் தேதி, 81ஆவது வயதில், அந்த வீட்டிலேயே உயிர் பிரிந்தது.

1994இல் அந்தக் கம்பெனியை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. வாங்கியது. வாங்கியவர் பெர்ண்ட் பிஷெட்ஸ்ரீடர். இசிகோனிசுக்குத் தாய் வழி உறவினர்!

பழைய மினி 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நின்றது. 41 ஆண்டுகளில் 53 லட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள். இப்போது மினி என்ற பெயரில் வரும் கார், பழையதைவிட மிகப் பெரியது.

ஆனால் மினி செவன் பந்தயம் நிற்கவில்லை. 2016இல் அதற்குப் பொன்விழா ஆயிற்று. துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டி, பழைய என்ஜினைப் பிரித்து மாட்டி, பழைய மினிகளையே ஓட்டுகிறார்கள். வசந்தம் வந்ததும் பத்தடிக் கார்கள் மறுபடியும் வரிசையில் வந்து நிற்கின்றன.